மேனேசரின் நிழல்

சோலையப்பனின் நாய் மேனேசர் புரட்டாசியில் செத்தது. உடம்பைக் கொல்லையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு அவர் முன்வாசலுக்கு வந்தபோது, அதன் நிழல் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்ததால் யாருடைய நிழல் என்பதில் சந்தேகம் இல்லை. வெயில் ஏற ஏற அது சுருங்கியது, சாய சாய நீண்டது. பொழுது இறங்கியதும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தெருமுனைவரை போய் வந்தது. கீரமங்கலத்தில் அந்த வருடம் மல்லிகைக்கு நல்ல விலை, பலாக் காய்ப்பு சுமார், மேனேசரின் நிழல் இன்னும் போகவில்லை. தெருவில் இந்த மூன்றையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். பூ மார்க்கெட்டில் சரம் கட்டும் எதிர்வீட்டு செவந்தி மட்டும் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "போறதுக்கு மனசில்ல போலண்ணே. இருக்குற மட்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

சோலையப்பன் சார்ஜாவில் கட்டிடத் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றில் இருபது வருடம் சமையல்காரராக இருந்தவர். கல்யாணத்துக்கு என்று ஊருக்கு வரும் ஒவ்வொரு லீவும் ஏதோ ஒரு காரணத்தில் முடிந்துபோய், கடைசியில் வயது முடிந்துபோனது. திரும்பி வந்து கான்கிரீட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். சமையல் காண்ட்ராக்ட் எடுக்கலாம் என்று அண்டாக்களும் வாங்கினார். பரணுக்குப் போனவை பிறகு இறங்கவில்லை. அவருடைய கைக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. அரிசியை அள்ளினால் முந்நூறு பேருக்கான கைதான் வந்தது. வடித்ததில் பாதியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் சந்தைப்பக்கமிருந்து ஒரு நாய்க்குட்டி வந்து அடுப்படியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வேளையும் எல்லாச் சட்டிகளையும் ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போகும். கேம்பில் அப்படிச் செய்துகொண்டிருந்தவர் கேட்டரிங் மேனேஜர் என்பதால் அந்தப் பெயரை அதற்கு வைத்தார். தெரு அதை மேனேசர் ஆக்கியது. அதன்பிறகு அவர் கை இரண்டு பேருக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டது. எட்டு ஒன்பது வருடம் அந்த அளவு தப்பவில்லை.

நிழலுக்கும் அவர் சில நாள் தட்டு வைத்துப் பார்த்தார். நிழல் வந்து மோந்தது, தலையை இறக்கியது. சோறு குறையவில்லை. சோற்றுக்கு நிழல் மட்டும் இல்லாமல் போனது. நிழலில்லாத அந்தச் சோற்றை எடுத்துக் கொட்டவும் அவரால் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. அடுப்பு பற்றவைப்பதை விட்டுவிட்டார். காலையில் கடை பன்னும் டீயும், ராத்திரிக்கு அதே பன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் மூடியதும் நிழல் வெளுத்து, நனைந்த தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆனது. சோலையப்பன் பதறிப்போய் கூடத்து பல்பைப் போட்டார். நிழல் கறுத்து மீண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லா அறைகளிலும் பகலும் இரவும் விளக்கு எரிந்தது. அது இருக்கும் அறையில் வெளிச்சம் வேண்டும் என்பதால் அவர் வெளியே போவதையும் குறைத்துக்கொண்டார். விராலிமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை அழகம்மாள் போன் செய்தாள்.

"இங்க வந்துருண்ணே. அங்க யாருக்காகத் தனியா உக்காந்துருக்க?"

"லைட்டு போட்டுருக்கேன் ஆத்தா. அணைச்சுட்டு வர முடியாது."

அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். அவர் நிழலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். தரைமீது கையை வைத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

கார்த்திகை பிறக்கிற சமயத்தில் கஜா புயல் வந்தது. விடிந்தபோது கீரமங்கலத்தைச் சுற்றியிருந்த தென்னந்தோப்புகள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. மின்கம்பங்கள் இடுப்பளவில் முறிந்து வயல்களில் கிடந்தன. ஆலங்குடி ரோடு மரங்களுக்கு அடியில் போயிருந்தது. சோலையப்பனின் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கரண்ட் மட்டும் இல்லை. வானம் இருண்டு கிடந்ததால் உள்ளே எங்கேயும் நிழல் இல்லை. செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினார். கட்டிலுக்கு அடியில் அது நடுங்கிக்கொண்டு ஒடுங்கியிருந்தது. "ஒண்ணுமில்லடா, காத்து போயிருச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் தீர்ந்தது. அதற்குப்பின் குப்புறப் படுத்துக் கையால் தரையைத் தடவினார். எல்லா இடமும் ஒன்றுபோல் சில்லென்று இருந்தது.

அப்படித் தடவிக்கொண்டிருந்தபோதுதான் செவந்தி வந்து நின்றாள். தலையில் சாக்கைப் போர்த்தியிருந்தாள்.

"அண்ணே, தெருவுல ஓட்டு வீடு ஒண்ணும் பாக்கியில்ல. பிள்ளைக பசியில கெடக்குதுக. பரணுல அண்டா கெடக்குமே, அத எறக்கிக் குடுங்க. நாங்க எதாச்சும் காச்சிக்கிறோம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்டாவத் தனியாக் குடுத்துப் பழக்கமில்லம்மா" என்றார். "நானும் வாரேன்."

அவருக்கும் மேனேசருக்குமாக வாங்கிப்போட்டிருந்த அரிசி மூட்டை பிரிக்காமல் இருந்தது. முதல் நாள் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். மறுநாளிலிருந்து எது விழுந்து கிடந்ததோ அதுதான் சமையல்: சாய்ந்த வாழையின் பிஞ்சுக் காய், முறிந்த முருங்கையின் கீரை, எங்கு பார்த்தாலும் உருண்டு கிடந்த தேங்காய். விழுந்த மரங்களே விறகு. தெருவே அவர் வீட்டில் வந்து தங்கியது. அவருடைய கை இத்தனை வருடம் மறந்திருந்த அளவை ஒரே நாளில் நினைவுக்குக் கொண்டுவந்தது. உப்புப் பார்க்கக்கூட அவசியமில்லாமல் போனது. எல்லாரும் தின்று முடித்து அண்டாவைக் கவிழ்த்த பிறகு அவர் உள்ளறைக்குப் போய்க் காலால் தரையைத் தடவிப் பார்ப்பார். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது அந்த அறை முன்னைவிடக் காலியாகத் தெரிந்தது.

சாப்பிட வராதவர் உடையப்பன் ஒருவர்தான். தெருவின் கோடியில் அவர் வீடு, அதற்குப் பின்னால் தோப்பு. தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. மனைவி போய்ச் சில வருடம் ஆயிற்று. பிள்ளைகள் திருப்பூரில். டவர் விழுந்திருந்ததால் அவர்களுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. சோலையப்பன் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனார். "வச்சுட்டுப் போப்பா" என்றார் உடையப்பன், முகத்தைத் திருப்பாமல். மறுநாள் போய்ப் பார்த்தால் சட்டியில் எறும்புதான் தின்றிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. செவந்தி சோலையப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு மோட்டார் கொட்டகையில பூச்சி மருந்து டப்பா இருந்துச்சுண்ணே. எடுத்துட்டு வந்துட்டேன். ஆனாலும் எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றாள்.

இந்த நிலையில் திருக்கார்த்திகை வந்தது. கொண்டாடும் எண்ணம் பெரியவர்கள் யாருக்கும் இல்லை. பிள்ளைகள்தான் விளக்கு வைக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அகல் விற்கிறவர்கள் வர ரோடு இல்லை. விழுந்த மரங்களின் உச்சியிலிருந்து, ஏறாமலே, செவந்தி குருத்தோலை வெட்டிக்கொண்டு வந்தாள். நின்ற மரமாக இருந்தால் கிடைக்காத அவ்வளவு குருத்து. கிளியும் சக்கரமுமாகத் தோரணம் பின்னி சோலையப்பன் வீட்டைச் சுற்றிக் கட்டினாள். அவர் கொட்டாங்கச்சிகளைச் சுரண்டி, உருளாமல் அடியில் மண் அப்பி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டார். மாவு பிசைந்து வெல்லம் போட்டுக் கொழுக்கட்டை அவித்தார். நாலு சுவரும் பிடித்து நிற்கும் வீடு அது ஒன்றுதான் என்பதால் விளக்கெல்லாம் அங்கேதான் வைத்தார்கள்.

பொழுது இறங்கியதும் அவர் முதல் விளக்கை ஏற்றினார். வாசல் தரையில் மேனேசரின் நிழல் படுத்திருந்தது. இரண்டாவது விளக்கை ஏற்றினார். இன்னொரு நிழல் விழுந்தது, அதே மடிந்த காதுடன். விளக்குக்கு ஒன்றாக வாசல் முழுக்க, படிகளில், சுவர்களில், தோரணத்தின் கீழே மேனேசர் கிடந்தது. சில படுத்திருந்தன, சில உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் அவற்றுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றார்கள். சோலையப்பன் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அது செத்த நாளில்கூட அவர் அழுதிருக்கவில்லை.

"எங்க வீட்டுச் செவரு ரெண்டு நிக்குது. அதுல ஒண்ணு வச்சுக்கிறவாண்ணே?" என்று கேட்டாள் செவந்தி. அவர் தலையாட்டினார். அவள் ஒரு விளக்கைக் கையால் மறைத்து எடுத்துக்கொண்டு நடந்ததும், ஒரு நிழல் எழுந்தது. உடம்பை உதறியது. அவள் பின்னாலேயே போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் சோலையப்பனுக்குப் புரிந்தது. அடுத்து வந்தவளுக்கு அவர் விளக்கைக் கொடுக்கவில்லை. கையை விளக்குக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றார். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை தூக்கத்தில் இருந்தது. அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். சூடு பொறுக்காமல் அவர் கையை எடுத்தார். "காத்துல அணையாமப் பாத்துக்க" என்று சொல்லி, நாலு கொழுக்கட்டையையும் சேர்த்துக் கொடுத்தார். அதன்பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக வந்தார்கள். ஒவ்வொரு விளக்கோடும் ஒரு நிழல் எழுந்து போனது. இடிந்த வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சம் தெரிந்தது. அவருடைய வாசலில் ஒரே ஒரு விளக்கும் அதன் நிழலும் மிச்சம். செவந்தி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உடையப்பண்ணன் வீடு மட்டும் இருட்டாக் கெடக்கு."

"இது ஒண்ணுதான் இருக்கு செவந்தி."

"தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எண்ணெய் பாதி குறையும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நிழலின் தலை இருந்த இடத்தில் கையை வைத்திருந்தார். பிறகு எழுந்து, விளக்கை ஒரு கையிலும் கொழுக்கட்டைத் தட்டை மறுகையிலும் எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். நிழல் எப்போதும் போகிறதுபோல் நாலடி முன்னால் போனது.

உடையப்பன் கதவைத் திறந்துபோட்டு, இடியாமல் மிஞ்சிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வெளக்கு எதுக்குப்பா கொண்டாந்த? எதப் பாக்க?"

சோலையப்பன் விளக்கைத் தரையில் வைத்தார். நிழல் அந்த வீட்டுச் சட்டி பானைகளை ஒவ்வொன்றாக மோந்து வந்தது. கடைசியில் உடையப்பனின் பாதங்கள்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. தன் ஆடுகளை விரட்டுகிறது என்று அந்த நாயைக் கல்லால் அடித்திருக்கிறவர் அவர். காலை இழுக்கவில்லை.

"கனமா இருக்கே" என்றார்.

"ஆமாண்ணே. அது அப்பிடித்தான்."

"சாப்புட்டுச்சா?"

"இல்ல. கூட இருக்குற ஆளு சாப்புடாம அது வாய் வைக்காது."

உடையப்பன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்தார். தின்று முடிக்க அவருக்கு நேரம் ஆனது. அவர் இரண்டாவதை எடுத்ததும் சோலையப்பன் எழுந்து, இருட்டில் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வந்த அன்று அவர் எல்லா பல்புகளையும் போட்டு அறை அறையாகப் பார்த்தார். நாற்காலிகளின் நிழல் இருந்தது, அண்டாவின் நிழல் இருந்தது, அவருடையது இருந்தது. கூடத்து விளக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு செவந்தி வீட்டுக்குப் போனார். அங்கே, தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, அது வாசல்படியில் படுத்திருந்தது. அவரைக் கண்டதும் வாலாட்டியது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இனி ஒரு வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் உள்ள வீட்டில் நிழல் துள்ளப் பழகியிருந்தது. செவந்தி வீட்டில் கொஞ்சம் பருத்திருந்தது. அழகம்மாள் விராலிமலையிலிருந்து வந்து, அண்ணனோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பின் அவரை வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், பொழுது சாய்ந்து திரும்பும்போது அவர் தனியாகத்தான் திரும்பினார். அது மாறவில்லை. கார்த்திகைதோறும் செவந்தி அவர் வாசலில் குருத்தோலை கட்டினாள். விளக்குகள் எரிந்தன. அவற்றுக்கு எந்த நிழலும் விழவில்லை.

உடையப்பனின் தோப்பிலிருந்து மரங்களை அறுத்து அப்புறப்படுத்திய கோடையில், அங்கே உள்ளங்கை அகலத்துக்குக்கூட நிழல் இல்லை. இருந்த ஒரே நிழல் மேனேசருடையது. பிள்ளைகள் திருப்பூருக்குக் கூப்பிட்டும் போகாமல் உடையப்பன் தென்னங்கன்று வைத்தார். உச்சி வெயிலில் நிழல் ஒவ்வொரு கன்றின்மேலும் கொஞ்சநேரம் படுத்து எழுந்தது. அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் நட்ட கன்றுகளில் பல கருகின. அவருடையவை கருகவில்லை. சோலையப்பன் மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு தினமும் அங்கே போனார். இரண்டு பேருக்கான அளவு கைக்குத் திரும்பி வந்திருந்தது. இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கொரோனா வந்த வருடத்திலும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

இப்போது அந்தக் கன்றுகள் காய்க்கின்றன. மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தோப்பு முழுக்க நிழல் விழுகிறது. போன சித்திரையில் ஒரு நாள் உடையப்பன் இலையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டுக் கெடக்குன்னு ஒனக்குத் தெரியுதா?"

சோலையப்பன் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எது மட்டை, எது காது என்று பிரிக்க முடியவில்லை.

"தெரியலண்ணே. இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் படுத்திருக்கும்."

உடையப்பன் இலையை விரித்தார். சோலையப்பன் சோற்றை வைத்தார்.