இரண்டாம் முறை நாலு மணிக்கு

தன்னை ஏற்கெனவே ஒருமுறை எரித்தாகிவிட்டதாகவும், நகராண்மைக் கழகமே முன்னின்று எரித்ததாகவும், எரிந்த கையோடு வந்து தான் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டதாகவும் பழனியாண்டி ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்களிடம் சொல்லி, அவர்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றினார். சமையல் கேஸ் தோம்பு போட வந்த சீனரிடம் மலாயில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல், முகத்துக்கு நேராக, அப்படி நடந்திருக்கவே முடியாது என்று சொன்னவள் அவருடைய ஒரே மகள் யோகேஸ்வரி மட்டும்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கூடத்தில் மண்டியிட்டு, அவருடைய கால் பெருவிரல்கள் இரண்டையும் அவள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. எஸ்டேட்டில் முப்பத்தேழு வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய கால். பிரேக்கை மிதித்து மிதித்து வலது பெருவிரல் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரே மிதியில் யானையை நிறுத்திய விரல் என்பார். யானை ஒவ்வொரு வருடமும் வளர்ந்துகொண்டு வந்தது.

விடியற்காலை ஆறு மணிக்கு, காப்பி வரட்டும் என்று கண்ணை மூடியவர் காப்பிக்குத் திறக்கவில்லை. காப்பி இன்னும் மேசையில் மூடிய கோப்பையில் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

“இன்னைக்கே எடுத்துடணும்,” என்றாள் அம்மா அழகம்மா. அழுது முடித்திருந்தாள், அல்லது இன்னும் ஆரம்பிக்கவில்லை. “நாளைக்குச் சனிக்கெழம. சனிக்கெழம நான் அனுப்ப மாட்டேன்.”

சனிக்கிழமை வீட்டை விட்டுப் போகிறவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பது அவள் நம்பிக்கை. மற்றவர் விஷயத்தில் எப்படியோ, தன் புருஷன் விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரொட்டிக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாத மனிதர். பேச ஆள் வேண்டும்.

நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போன் போட்டு தகனத்துக்கு நேரம் கேட்கிறேன் என்று யோகேஸ்வரி எழுந்தாள். அம்மாவின் தம்பி குணாளன், தகனத்துக்குப் பரமிட் வாங்கப் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசலில் செருப்பை மாட்டியபடி அவளைப் பார்த்தார்.

“வெள்ளிக்கெழம லா. ஆபீஸ் பூட்டு. நாளைக்கும் பூட்டு. பினாங்குலயே இருந்து இருந்து உனக்கு நம்ம கெடா மாநிலத்து லீவு மறந்துபோச்சு.”

அவளுக்கு நிஜமாகவே மறந்திருந்தது. பதினைந்து வருடமாகச் சனி, ஞாயிறு விடுமுறை எடுத்துப் பழகிவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்கின் பாயான் லெப்பாஸில், அவளுக்கு வேலையே வலைத்தளங்களைச் சோதிப்பதுதான். ஒரு தளம் மக்கள் கைக்குப் போகுமுன் அதை எல்லா விதத்திலும் உடைத்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா அதை, என் மகளுக்கு உடைக்கிறதுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விளக்குவார்.

அவருடைய தகனக் கதையை அவள் நம்பாததற்கும் அந்த வேலையே காரணம்.

கதை இதுதான். கோலாலம்பூர் கம்பெனி ஒன்று நகராண்மைக் கழகத்துக்குப் புதுத் தளம் செய்து கொடுத்தது. முதல் பக்கத்தைத் திறந்தால் தலைவர் ரிப்பன் வெட்டும் படம். அது நகர்ந்தால் அவரே வேறு சட்டையில் இன்னொரு ரிப்பன். அலுவலகம் வெள்ளிக்கிழமை திறந்திருக்கும் என்று வேறு போட்டிருந்தார்கள். அதை நம்பி வீட்டார் தூக்கிப்போனதால்தான் பழனியாண்டியின் இறந்துபோன சிநேகிதர் சவப்பெட்டியோடு ஒரு வெள்ளிக்கிழமை பூட்டிய கேட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது கவுன்டரில் முதல் ஆளாகப் பழனியாண்டி நின்றார். அவர் போட்ட சத்தத்தில் ஜெராய் மலையிலிருந்து நாலு கல் உருண்டதாம்.

சில வாரம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ஊர்க்காரர் ஐந்து பேரை உட்கார வைத்து, தளத்தைப் பயன்படுத்தச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்க்கப்போகிறார்கள். பழனியாண்டிக்குக் கொடுத்த வேலை: உங்கள் உறவினர் ஒருவர் இறந்துவிட்டார், தகனத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

“யாரு செத்தா?” என்று கேட்டிருக்கிறார். யாருமில்லை, சும்மா ஒரு பெயர் போடுங்கள் என்றார்களாம். சாகாதவனைச் செத்தான் என்று எழுத என் கை வராது, வேண்டுமானால் என்னையே போட்டுக்கொள்கிறேன் என்று தன் பெயரையும், தன் ஐசி அடையாள அட்டை நம்பரையும், தன் போன் நம்பரையும் போட்டு, வெள்ளிக்கிழமை நாலு மணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தகனம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இருபத்திரண்டு நிமிடம் ஆனதாம். அதைப் பூங்கா, நிலவனப்புப் பகுதிக்குக் கீழே வைத்திருந்தார்கள். செத்த வீட்டுக்காரன் பூச்செடி பார்க்கவா வருவான் என்று அவர் கேட்க, எட்டு ஆபீசர்கள் தலை குனிந்தார்கள். ஆறு மாதத்தில் எட்டு இருபதானது.

போனில் இதைக் கேட்ட அன்று யோகேஸ்வரி பொறுமையாகத்தான் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் யாரும் சோதனை செய்ய மாட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு நகல் வைத்திருப்பார்கள், அதில் என்ன போட்டாலும் எங்கும் போய்ச் சேராது.

“அது ஒங்க கம்பெனியில,” என்றார் அப்பா. “இங்க என்னைய எரிச்சுட்டாங்க.”

பிறகு தளத்தை மாற்றிவிட்டார்கள், என் பேச்சைக் கேட்டு மாற்றினார்கள் என்று சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்தியா என்று கேட்டார். அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். மறுபடி அனுப்பினார். மறுபடி கட்டைவிரல்.

அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று, அந்தச் சுட்டியைத் தேடி அவள் போனை மேலே தள்ளினாள். தாமரைப் பூவில் காலை வணக்கம், முருகன், மழையில் நனைந்த நாய், மறுபடி தாமரை. சுட்டி ஏழு தடவை இருந்தது. ஏழையும் அவள் திறந்ததில்லை.

திறந்தாள்.

ரிப்பன் இல்லை. தலைவர் இல்லை. வெள்ளைப் பக்கத்தில், தார் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கும் தெரிகிற அளவு எழுத்தில், முதல் வரியே மலாயிலும் தமிழிலும்: வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா? கீழே ஒரு பட்டன். அதற்கும் கீழே, வெள்ளி, சனி அலுவலகம் விடுமுறை, தகனம் உண்டு, இந்த எண்ணுக்கு அழையுங்கள். பழக்கத்தில் அவள் மனம் குறை தேடிற்று. கிடைக்கவில்லை. மூன்று தட்டலில் விண்ணப்பம் வந்துவிட்டது. அவளுடைய அலுவலகத்தில் இதற்கு இரண்டு மாதம் கூட்டம் போடுவார்கள்.

பெயர். ஐசி நம்பர். அனுப்பு.

சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்த எண்ணுக்குரியவரின் தகனம் நிறைவடைந்தது. கீழே போன வருடம் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று, மாலை நாலு மணி. விண்ணப்பதாரர்: பழனியாண்டி. இறந்தவருக்கு உறவு: சொந்த ஆள்.

அவள் மறுபடி போட்டாள். அதே வரி. அப்பா இன்றுதான் இறந்தார் என்பதை அது ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றது.

“கெடச்சுச்சா?” என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டாள். யோகேஸ்வரி முதல் பக்கத்துக்குத் திரும்பி, விடுமுறைக்கென்று இருந்த எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் சேவல் கூவியது.

சுப்பிரமணியம் பேசுகிறேன், தகனக் கூடம் என்றது குரல். அவள் விவரம் சொன்னாள், பெயரைச் சொன்னாள்.

“பழனி அண்ணனா?”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அன்று பட்டியலில் பெயர் வந்திருந்தது. இவர் அறையைக் கூட்டி, கேஸ் திறந்து, நாலு மணியிலிருந்து காத்திருந்தார். ஐந்தாயிற்று. ஆளும் வரவில்லை, வேனும் வரவில்லை. பதிவில் இருந்த நம்பருக்கு அடித்தார்.

“பொணமே போனை எடுத்துச்சும்மா. எங்க இருக்கீங்கன்னு கேட்டா, சாப்புட்டுக்கிட்டு இருக்கேன், இதோ வந்துர்றேன்னாரு.”

மோட்டார் சைக்கிளில், இவருக்கும் ஒரு பொட்டலம் மீ கோரேங் வாங்கிக்கொண்டு வந்து, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ஆறரை வரை உட்கார்ந்திருந்தாராம். நேரம் தாண்டியதும் கம்ப்யூட்டர் தானாக முடிந்தது என்று போட்டுக்கொண்டது. அதை இன்று வரை யாரும் திருத்தவில்லை. விடுமுறைக்கு ஒரு நம்பர் வேண்டும் என்று பழனியாண்டி பேச்சு எடுத்ததும் அன்றுதான். இவர் தன் சொந்த நம்பரையே கொடுத்தார்.

“அதுக்கப்புறம் வெள்ளிக்கெழம நான் தூங்குனதே கெடையாது. ஒங்கப்பாதான் காரணம்,” என்றார். கோபம் இல்லை. “கம்ப்யூட்டர் கெடக்கட்டும், ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம். நான் புத்தகத்துல எழுதிக்கிறேன். நாலு மணி காலியா இருக்கு.”

பிறகு கேட்டார். “இந்தத் தடவை நெசமா வர்றாராம்மா?”

அவள் கோப்பையின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்றாரு.”

யான், பண்டார் பாரு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மதியத்துக்குள் வாசல் கூடாரம் நிறைந்தது. அவர் சொன்னதிலிருந்து ஆளுக்கு ஒரு யானை சொன்னார்கள். இரண்டு பெண்கள் ஒப்பாரிக்கு நடுவில் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகன் இல்லாத வீடு; கொள்ளி யார் என்று பேச்சு எழுந்தபோது குணாளன் மாமா, அவள்தான் என்று சொல்லி முடித்துவிட்டார். மூன்றேகாலுக்கு வேன் கிளம்பியது.

சுப்பிரமணியம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டிலேயே நின்றார். கொள்ளி வைக்க நெருப்பு என்று ஒன்றும் இல்லை, சுவரில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு பட்டன். அவர் தலையசைத்ததும் யோகேஸ்வரி கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது.

வெளியே மேசையில் அவர் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்று போன வருடத்தது. பென்சிலில் பழனியாண்டி, 4.00 என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில்: வரவில்லை. இன்னொன்றில் இன்றைய வரி. பெயரும் நேரமும் இருந்தன, குறிப்புக் கட்டம் காலி. அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுதினாள்.

வந்தார்.

வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டும் என்று பின்பக்கக் குழாயடியில் அழகம்மா வாளியில் நீர் பிடித்து வைத்திருந்தாள். மகள் தலையில் மொண்டு ஊற்றினாள். மூன்றாவது முறை மொண்டபோது கை நின்றது.

“அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரே. மொதத் தடவ எரிச்சாங்கன்னு. அதெல்லாம் சும்மாதானே?”

முடியிலிருந்து நீர் வழிந்து சிமெந்துத் தரையில் ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரி முகத்தைத் துடைக்கவில்லை.

“இல்லம்மா. போன வருசம் மார்ச் மாசம். வெள்ளிக்கெழம, நாலு மணிக்கு. நடந்துருக்கு.”