முடியும் தேதி போடாத காலண்டர்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எப்படிக் கழுவுவது என்று பார்க்கக் குடிநீர்த் துறையின் இணையதளத்துக்குப் போனேன். தளமே இல்லை. துறையை இன்னொரு துறையோடு சேர்த்துவிட்டார்களாம். சரி, மூடிய தளங்களைப் பத்திரப்படுத்தும் நூலகக் காப்பகத்தில் இருக்குமே என்று அங்கே தேடினேன். தொட்டி கிடைக்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சமாம் ஆண்டின் ஒரு மாதக் காலண்டர் கிடைத்தது. அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்துத்தான் மீதி எல்லாவற்றையும் இட்டுக்கட்டுகிறேன்.

(தொட்டி இன்னும் கழுவப்படவில்லை. வீட்டில் அவ்வப்போது பேச்சு வருகிறது.)

2

முதல் தொடக்கம்: 'மறதி என்பது ஒரு நாட்டின்...' வேண்டாம். கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

இரண்டாவது: 'மீசையை முறுக்கியபடி அதிகாரி, தளத்தை இழுத்து மூடுங்கள் என்று...' இதுவும் வேண்டாம். மூடச் சொன்னவர் கெட்டவர் இல்லை. வீடு மாறும்போது பழைய அட்டைப்பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவோமே, அந்த மாதிரி ஆள்தான். மீசையை எடுத்துவிட்டேன். பிறகு அவரையே எடுத்துவிட்டேன்.

மூன்றாவது தேறியது: நூலகத்தின் மாடியில், ஏசிக்கு நேர் கீழே சால்வை போர்த்திக்கொண்டு, ஒருத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

3

அரசாங்கத் தளங்கள் மறைவதற்குள் பிரதி எடுத்து வைப்பது அவள் வேலை. அதைச் செய்ய ஒரு மென்பொருள் உண்டு. அலுவலகத்தில் அதன் செல்லப் பெயர் எறும்பு. ஒரு பக்கத்தில் விட்டால் போதும், அதிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று எல்லாவற்றையும் சுமந்து வந்துவிடும். சொன்னதைச் செய்யும். யோசிக்காது.

குடிநீர்த் துறைத் தளம் அன்று மாலை ஐந்துக்கு மூடுகிறது. எறும்பை முந்தின நாளே விட்டிருந்தாள். விட்ட கையோடு, சாப்பிடும்போது, "உன் பதிலெல்லாம் பத்திரம்" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.

அக்கா அந்தத் துறையில்தான் இருக்கிறாள். 'மக்கள் கேள்வி' பக்கத்தில் பதில் எழுதுவதே பல வருடமாக அவள் வேலை. தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது, பிள்ளைக்குக் கொடுக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார், யாரிடம் சொல்ல? இப்படி எதைக் கேட்டாலும் பதில் உண்டு. எதிலும் அவள் பெயர் இருக்காது. கீழே 'துறை' என்று மட்டும் இருக்கும்.

(அக்காவை முதலில் பாவப்பட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. இரண்டு வரிக்குள் வாயாடியாகிவிட்டாள்.)

4

அன்று மதியத்துக்கு மேல் எறும்பு என்ன செய்கிறது என்று திறந்து பார்த்தால், அது தளத்தின் காலண்டருக்குள் நுழைந்து 'அடுத்த மாதம்' என்ற பொத்தானைத் தொட்டிருக்கிறது. அந்தப் பக்கத்திலும் ஓர் 'அடுத்த மாதம்'. விடிய விடிய அதையே தொட்டுக்கொண்டு நாலாயிரமாம் ஆண்டைத் தாண்டிவிட்டது. தளத்தில் வேறு எதையும் எடுக்கவில்லை. உள்ளே நுழையாதபடி காலண்டருக்கு வேலி போட்டுவிட்டுத்தான் எறும்பை விட வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அக்காவின் தளம் என்ற அவசரத்தில் கோட்டைவிட்டாள்.

மிச்சமிருந்த நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஒன்று அக்காவின் பதில்கள். இல்லையென்றால் பொதுக் கிணறுகளின் பரிசோதனை முடிவுகள். போனை எடுத்தாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்னடி, எறும்பு செத்துப்போச்சா?"

"சாகல. ரொம்ப தூரம் போயிடுச்சு."

விஷயத்தைக் கேட்டு அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கிணத்தை எடு."

"உன் பதில்?"

"அது யாருக்கு வேணும்? நாளைக்கு யாருக்காவது தண்ணியால ஏதாவது ஆச்சுன்னா, நியாயம் கேக்க அந்தப் பரிசோதனை முடிவுதான் வேணும். கிணத்தை எடு, நேரம் போகுது."

"அழறியா?"

"ஆமா, அழறேன். எழுதினது நான்தானே, அழக்கூடாதா? நீ வேலையைப் பாரு."

5

இங்கே நான் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

எறும்பு திடீரென்று வேகம் பிடித்து இரண்டையும் எடுத்துவிடுகிறது. இது நடக்கவில்லை. நடந்திருந்தால் என் தொட்டிக்குப் பதில் கிடைத்திருக்கும்.

தங்கை யாருக்கும் தெரியாமல் அக்காவின் பதில்களை எடுத்துவிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் காப்பகத்தில் போய்ப் பார்த்தேன். கிணறுகள்தான் வரிசையாக இருக்கின்றன.

ஆக, அவள் கிணறுகளை எடுத்தாள். எறும்பைக் காலண்டரிலிருந்து இழுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நிகழ்ச்சி எதுவும் இல்லாத வெறும் மாதமாக இருந்தால் அந்தக் காலண்டர் 'அடுத்த மாதம்' காட்டாது. அப்படியென்றால் இத்தனை மாதத்திலும் ஏதோ இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.

"அக்கா, ஒவ்வொரு மாசமும் முதல் திங்கக்கிழமை, 'மக்கள் நேரில் வந்து கேட்கலாம், குடிக்கத் தண்ணீர் உண்டு'ன்னு வருதே, யாரு போட்டது?"

"நான்தான். ஒரு தடவை போட்டா மாசாமாசம் தானா வந்துடும். முடியும் தேதின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா விட்டுட்டேன்."

"ஏன்?"

"ஜனங்க கேக்கறத என்னைக்கு நிறுத்துவாங்கன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

6

ஐந்து மணிக்குத் தளம் போய்விட்டது. அக்கா எழுதிய பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். அவளை இட்டுக்கட்டியவன் நான்தான் என்பதால் வருத்தம் குறைந்துவிடவில்லை.

ஆனால் காப்பகத்தில், நாம் யாரும் இருக்கப்போகாத வருடங்களிலும், மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம். நான் தொட்டியைப் பற்றிக் கேட்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள். உங்கள் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாது. அதனால் கதையின் கடைசிக் கட்டத்தை அக்கா விட்ட மாதிரியே விடுகிறேன்.

முடியும் தேதி: