அடுப்புச் சாமியின் வாய்

என் புருஷன் துவான் இந்த வருஷம் அடுப்புச் சாமிக்கு உடையாத மிட்டாய் வாங்கி வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

துவானைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும். பஸ் நிலையத்தில் சைக்கிள் பழுது பார்க்கிறவர். ஒட்டுப் போட்ட ட்யூபின் மேலேயே இன்னொரு ஒட்டுப் போடுகிற கஞ்சன். வருஷக் கடைசியில் அடுப்புச் சாமி மேலுலகம் போய், வீட்டில் நடந்ததையெல்லாம் அங்கே இருக்கும் பெரிய ராஜாவிடம் சொல்வார். தப்புக்குத் தக்கபடி ராஜா ஆயுசைக் குறைப்பார். அதனால்தான் கிளம்புகிறவர் வாய் ஒட்டிக்கொள்ளும்படி பிசுபிசுவென்று பாகு மிட்டாயைப் பூசி அனுப்புகிறோம். நாங்கள் கல்யாணம் பண்ணின நாளிலிருந்து துவான் வாங்கியது கூடையின் அடியில் கிடக்கும் தூள்தான். இந்த முறை எள் ஒட்டிய முழு மிட்டாய், அதுவும் ஒரு பொட்டலம்.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டும்?

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இடம் உண்டு. கூடத்தில் செத்துப்போன மாமனார் பெயர் எழுதிய மரப்பலகை. அதன் முன்னால் யார் முதலில் மண்டியிடுவது, யார் பின்னால் என்பதெல்லாம் கன்பூசியஸ் ஐயா போட்ட ஒழுங்கு. மாமியார் கட்டிலின் தலைமாட்டில் பீங்கான் குவான்யின் தாய், புத்தர் பக்கத்து ஆள். அடுப்புச் சுவரில் காகிதப் படமாக அடுப்புச் சாமி. தாவோ சாமியார்கள் சொல்கிற மேலுலகப் பெரிய அலுவலகத்தில் அவர் கடைசிச் சேவகர். வேலையையும் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறோம். குடும்பத்துக்குத் துரோகம் செய்தவன் பலகை முன்னால் விழுவான். பாவம் செய்தவன் குவான்யினிடம் அழுவான். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைப்பவன் அடுப்புச் சாமியைக் கவனிப்பான்.

துவான் மூன்று பேரிடமும் போய்க்கொண்டிருந்தார்.

காலையில் கடை திறப்பதற்கு முன் தன் அப்பாவின் பலகை முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார். எழுந்திருக்கவே மனமில்லாதவர் போல இருந்தார். பிறகு ஒரு நாள், நான் ஆவியில் வேகவைத்த ரொட்டி விற்கிற இடத்துக்கு எங்கள் தெரு கெங் அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஊர் வம்பு அவளுக்குச் சோறு மாதிரி.

"யின்ஹுவா, உன் வீட்டுக்காரர் குவான்யின் கோயில் குளத்துல மீன் விடறாரு. உயிரோட ரெண்டு கெண்டை!"

"அவரா? மீன் தலையக்கூட மிச்சம் வைக்கமாட்டாரே. வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? கையக் கூப்பிக்கிட்டு நின்னாருடி. ஆம்பள மீன் விட்டா, எங்கயோ ஒரு உயிருக்குப் பதில் சொல்லணும்னு அர்த்தம்."

ஒரு உயிர். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்க அது போதும். அப்பா பலகைக்கு முன்னால் விழுந்து கும்பிட அடுத்த ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய குற்றம் ஒரு மகனுக்கு இல்லை என்று சின்ன வயதிலிருந்து காதில் ஓதி வளர்த்திருக்கிறார்கள். துவான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் என் வயிற்றுவலிக்காக மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, மாத்திரை வாங்க வேண்டும் என்று வாராவாரம் அந்த ஊருக்குத் தனியாக பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் பேசினார். வெளியே வந்தவர், "புண்ணுதானாம்" என்று சொல்லி ஓர் ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தார். அவர் ஆரஞ்சு உரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அங்கே ஒருத்தி இருக்கிறாள். அவள் வயிற்றில் ஒன்று இருக்கிறது. அந்த உயிருக்காகத்தான் மீன், அதற்காகத்தான் பலகை. என்னை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் பாக்கி.

மாமியார் செய்கை அதை உறுதி செய்தது. நான் வடித்த நூடுல்ஸை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர், தன் கிண்ணத்து முட்டையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார்.

"நீ சாப்பிடு. நான் பாத்திரம் கழுவறேன்."

வருஷப் பிறப்புக்கு வெட்டப்போகிற பன்றிக்குத் தவிட்டைக் கூட்டிப் போடுவோம். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. முட்டையைக் கிண்ணத்தின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"யாருய்யா அவ?" என்று கேட்டேவிட்டேன்.

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த துவான் நிமிர்ந்தார். "எவ?"

"மாத்திரை விக்கறவ. சம்பாதிக்கறதையெல்லாம் பஸ்ஸுக்கும் மீனுக்கும் கொட்டறியே, அவளுக்கு என்ன கொட்டற? மாசம் எத்தனை?"

"சும்மா இரு யின்ஹுவா."

"சும்மா இருக்க நான் என்ன சுவத்துல ஒட்டின சாமியா? வாயில மிட்டாயப் பூசிட்டா நானும் பேசமாட்டேனா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவர் என் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் கரண்டியை எறிவேன், பிறகு இரண்டு பேரும் தூங்கப் போவோம். அன்று அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவனத் திட்டாதம்மா" என்றார். அந்தக் கிழவி என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை எரித்துச் சாமியை மேலே அனுப்புகிற நாள் வந்தது. அடுப்புப் பூசை ஆண்கள் வேலை. பெண்கள் அந்த நேரத்தில் சமையலறைக்குள் போகக் கூடாது. நான் போகவில்லை. பொழுது சாயும்போது கரி அள்ளுகிற சாக்கில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு ஒருத்தியின் பெயரை அவர் வாயாலேயே கேட்டுவிட்டு, மூட்டையைக் கட்டி என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

மிட்டாய் உருகுகிற வாசனை வந்தது. பிறகு அவர் குரல்.

"சாமி, நல்ல மிட்டாய். உடைஞ்சது இல்ல, பாத்துக்கங்க. என்னப் பத்தி மேல என்ன வேணாலும் சொல்லுங்க. அவளப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க. அவளுக்கு நாக்கு நீளம், எனக்கே தெரியும். இந்தத் தெருவுல அவ திட்டாத ஆள் இல்ல. அடுப்பு புகைஞ்சா உங்களையும்தான் திட்டியிருக்கா. அதெல்லாம் நான் செஞ்சதா சொல்லிடுங்க. தப்புக்கு ஆயுசக் குறைப்பாங்கல்ல, எனக்குக் குறைக்கட்டும். என்னோடதுல பாதிய அவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க. குறைக்கறதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்ல சாமி. கோதுமை அறுப்பு வரைக்கும் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சாமி மேலே ஏறிப் போகிற குதிரைக்குப் படைக்க வைக்கோல் எடுக்கக் கொல்லைப் பக்கம் போகிற காலடி கேட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் சாவை என்னைத் தவிர எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பயம் வந்தது. அதற்கும் அடியில் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த ஊரில் ஒருத்தியும் இல்லை.

எழுந்து சமையலறைக்குள் போனேன். சாமியின் உதட்டில் மிட்டாய் மெல்லிசாக மின்னியது. எப்போதும் போலக் கஞ்சத்தனமான பூச்சு. பாத்திரத்தில் இருந்த மிச்சத்தை விரலால் வழித்து அவர் வாயில் அப்பினேன். மூக்கு வரைக்கும் அப்பினேன்.

"பொம்பள உள்ள வந்துட்டான்னு கோவிச்சுக்காத. அந்த ஆள் கேட்டத மேல போய்ச் சொல்லாத. பாதியும் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். கேட்டுச்சா? சொன்னன்னு தெரிஞ்சது, அங்க வந்து உன்னப் பேசிக்கறேன்."

துவான் வைக்கோலோடு வந்தபோது நான் முற்றத்தில் கரிக்கூடையுடன் நின்றேன். படத்தைக் கழற்றி வெளியே எடுத்து வந்தவர், அதன் வாயையே பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். அதில் எள் ஒட்டியிருந்தது. முதல் தடவையாக அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். கேட்டுவிடுவாரோ என்று பயந்துபோய் நானே முந்திக்கொண்டேன்.

"என்னய்யா பாக்கற? தீயப் பத்த வை. புகைய வீட்டுக்குள்ள விட்ட, கைய ஒடிச்சிடுவேன். சைக்கிள் தொடைக்கற கையி, ஒரு சாமியக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியல."

காகிதம் பற்றிக்கொண்டது. தொப்பி எரிந்தது, தாடி எரிந்தது. வாய் மட்டும் கொதித்துக் கொதித்து, கடைசிவரை எரியாமல் நின்றது.

துவான் தலையைத் தூக்கி, புகை போகிற பக்கமாக மெதுவாகச் சொன்னார்.

"இதுவும் நான் பேசினதுதான், சாமி."