மஞ்சள் ஸ்டிக்கர்

தேநீர் அறையின் ஃபிரிட்ஜைத் திறந்த பிரான்வின் அப்படியே நின்றாள். காலையில் எடுத்து வைத்த தாய்ப்பால் புட்டியைக் காணோம். அது கழுவுதொட்டியில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. மேலே மஞ்சள் ஸ்டிக்கர்: ரத்த மாதிரிகளில் ஒட்டும் அபாய முத்திரை.

"யாரு கொட்டினது?"

எல்லோரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைப்பதில் மும்முரமானார்கள். உடன் வேலை செய்யும் லாக்லன் மட்டும் இளித்தான்.

"ஸ்டிக்கர் என் வேலை, ப்ரோன். சும்மா தமாஷு. கொட்டினது நான் இல்லப்பா."

"நான்தான்," என்றார் ஆய்வகத் தலைவர் கிரேம். "தப்பா எடுத்துக்காதம்மா. சாப்பிடற எடம். உடம்புலேர்ந்து வந்தத என் தயிர் பக்கத்துல பாத்தா கொமட்டுது."

"அப்ப லேப் ஃபிரிட்ஜ்ல வைக்கட்டா?"

"அங்க சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாதே! விதி தெரியாதா?"

இங்கே அது உடல் கழிவு. அங்கே அது உணவு. தீட்டு என்ற சொல்லை அடிலெய்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தேவைப்படவும் இல்லை.

எதிரே குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருக்கும் மகள் ஐவிக்கு மதியம் பசிக்கும். மாவுப்பால் கொடுத்தால் அப்படியே கக்கிவிடுகிற பிள்ளை.

அந்த நேரம் பார்த்து மானியம் தரும் அறக்கட்டளையின் அம்மாள் வந்து சேர்ந்தார். கிரேமின் முகத்தில் குமட்டல் போய்த் தேன் வழிந்தது.

"நீர்ல கரையற பாலிமர்ங்க. முன்னாடி ஒரு நாள் பூரா கொதிக்கணும். இப்ப மைக்ரோவேவ் உலையில கால் மணி நேரம். நம்ம ப்ரோன் கைவேலை. புரதத்தைப் பொத்திப் பிடிச்சு, குறைமாசக் குழந்தையோட வயித்து அமிலத்துல கெடாம குடலுக்குக் கொண்டு போகும்."

"எந்தப் புரதம்?" என்றார் அம்மாள்.

"தாய்ப்பால்லேர்ந்து எடுத்ததுங்க. சொட்டுச் சொட்டும் தங்கம்!"

லாக்லன் இருமினான்.

பிரான்வின் பையிலிருந்து பால் உறிஞ்சியை எடுத்தாள். பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, கிரேமுக்கு எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

"ப்ரோன்! இங்கேயா?"

"தங்கம் வேற எங்கேர்ந்து வரும், கிரேம்?"

கருவி உறுமியது. கிரேம் சுவரைப் பார்த்தார். பாதிப் புட்டிதான் நிறைந்தது. அதை அவருடைய தயிருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பழைய புட்டியின் ஸ்டிக்கரை உரித்து, கதவிலிருந்த மாட்டுப்பால் டப்பாவில் அழுத்தி ஒட்டினாள். ஆய்வகத்தில் உலையின் மணி அடித்தது, போய்விட்டாள்.

மதியம் வந்து பார்த்தபோது புட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மாட்டுப்பாலும் குறையவில்லை. மேசைக் கோப்பைகளின் அடியில் பால் படாத தேநீர்க் கறை காய்ந்திருந்தது.