ஒரே டின் சாம்பல்

என் படத்தின் சாம்பல் நிறப் பட்டையில் மூக்கு உரசுகிற மாதிரி நின்றுகொண்டு என் கணவர் 'ச்சு' கொட்டினார். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்காட்சிக்குப் படத்தை ஏற்றிப்போக அண்ணன் வண்டியோடு வந்திருந்தான். அவன் முன்னால் ஒன்றும் நடக்காது என்று மடச்சி மாதிரி நம்பினேன்.

ஆள் உயரத் துணி. இடது பாதியில் சிவப்புப் பட்டைகள், வலது பாதியில் பச்சைப் பட்டைகள், இரண்டிலும் இடையிடையே ஒல்லியாகச் சாம்பல். டேப் ஒட்டி, பெயின்ட் அடித்து, காயவிட்டு, பிய்த்து, மறுபடி ஒட்டி என்று மழைக்காலம் முழுக்க முதுகை ஒடித்த வேலை. சாம்பல் ஒரே டின்தான். சிவப்புக்கு நடுவில் அது பச்சை தட்டும், பச்சைக்கு நடுவில் ரோஸ் தட்டும். கண் செய்கிற போக்கிரித்தனம் அது. அதைத்தான் வரைந்திருந்தேன்.

"ரெண்டு சாம்பல் அடிச்சிருக்கா மச்சான். ஒண்ணுல பச்ச கலந்திருக்கு, ஒண்ணுல ரோஸ்." பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்ப்பது அவர் வேலை. அவர் தலையாட்டினால்தான் அங்கே டின்னுக்கு மூடி விழும்.

"ஒரே டின்னுங்க."

"என் கண்ணு பொய் சொல்லுதுங்கிறியா?"

அண்ணன் சிரித்தான். "விடும்மா. எனக்கே ரெண்டாத்தான் தெரியுது."

அவனுக்கு மாப்பிள்ளை தங்கமான மனுஷன். போன மாதம் தோளில் கன்றிப்போனதைக் காட்டினேன். எங்கேயாவது இடித்திருப்பாய், உனக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டான். எனக்குப் போக இருக்கிற ஒரே வீடு அவனுடையது. அவன் ஒருத்தன் நம்பினால் போதும், அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

"பொய்தான் சொல்லுது," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

டேப் வெட்டுகிற கத்தி மேஜையில் கிடந்தது. அதை எடுத்துச் சிவப்புக்கு நடுவில் இருந்த சாம்பலில் குத்தி, சரக்கென்று கீழே வரை கிழித்தார். ஐயோ என்று பாய்ந்து பிடித்தேன். கத்தி என் உள்ளங்கையையும் சேர்த்துக் கிழித்தது. பிடரி மயிரைப் பற்றி என் முகத்தைத் துணியோடு வைத்துத் தேய்த்தார். "பாருடி! நல்லாப் பாரு!" மறு ஓரத்தையும் கிழித்து, வெட்டியெடுத்த பட்டையை வலது பக்கச் சாம்பலோடு ஒட்டிப் பிடித்தார்.

துளி வித்தியாசம் இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு வெறி ஏறியது. கன்னத்தில் அறை, இடுப்பில் உதை. நான் சுவரில் மோதி விழுந்தேன். "மாப்ள... மாப்ள..." என்று அண்ணன் வேறு யாரையோ கூப்பிடுவது போல நின்ற இடத்திலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுபடி கால் ஓங்கியபோது கைக்குச் சிக்கியது அந்தச் சாம்பல் டின். "போடா!" என்று முகத்தைப் பார்த்து வீசினேன். அத்தனை வருஷ 'நீங்க'ளும் அதோடு போயிற்று. மூடி தெறித்தது, அவன் புருவம் பிளந்தது.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற அந்தப் பஞ்சுக் குரலில் சொன்னான். "பாத்தீங்கல்ல மச்சான், உங்க தங்கச்சி பண்றத?"

அண்ணன் குனிந்து, தரையில் கிடந்த பட்டையை எடுத்தான். ஓரத்தில் என் ரத்தம். அதைச் சிவப்பின் மேல் வைத்தான், மெதுவாகப் பச்சைக்கு நகர்த்தினான், மறுபடி சிவப்புக்குக் கொண்டு வந்தான்.

"ஒரே டின்னா?"

"ஒரே டின்தான்ணா."

"அன்னிக்குத் தோள்ல..." என்று ஆரம்பித்தான்.

பட்டையைக் கீழே வைக்காமலே மாப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். முகம் முழுக்கச் சாம்பல் வழிந்துகொண்டிருந்தது. புருவத்திலிருந்து ரத்தம் இறங்கிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் அது பச்சையாகத் தெரிந்தது.