மாமி சுழி பார்த்து வாங்கிய கார்

எனக்குக் கலியாணமாகி எட்டு மாதமாகியும் ஊரில் என்னைச் ‘சனிக்கிழமை மாப்பிள்ளை’ என்றே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். பெண் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். என் வேலையோ மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில். மாட்டு வண்டியில் மண்முனைத் துறைக்கு வந்து, இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த, ‘பாதை’ என்ற மிதவையில் வாவியைக் கடந்து, மறுபடி வண்டி பிடித்துப் பட்டணம் போய்ச் சேர்வதற்குள் கச்சேரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

ஆகவே திங்கள் முதல் சனி மத்தியானம் வரை பட்டணத்தில், புளியந்தீவில் ஓர் அறை எடுத்து இருந்தேன். ஒரு பாய், ஒரு விளக்கு, மதராசிலிருந்து தபாலில் வரும் மொழிபெயர்ப்பு நாவல்கள். அந்த நாவல்களில் பனி கொட்டும் மாலையில் யாராவது ஒருவன் வண்டியை விட்டிறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவான். எனக்கும் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. அது பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது.

கதவுக்கு உள்ளே இருந்தவள் பொறுமை இழந்துவிட்டாள்.

“கிழமையில ஒரு நாள் வாறதுக்கு விருந்தாளி போதும், மாப்பிள்ள என்னத்துக்கு?” என்றாள் இரத்தினம்மா. “ஒண்டில் கார் ஒண்டு வாங்குங்க. இல்லாட்டி அந்த வேலைய விட்டுப்போட்டு இஞ்ச வந்து எருமை மேய்க்கப் பழகுங்க.”

கச்சேரிக் கிளாக்கர் கார் வாங்குவதாவது? ஆனால் மாமியிடம் முன்னூறு ரூபாய் இருந்தது. அவள் பெயர் சீதேவிப்பிள்ளை. கணவன் இறந்த பிறகு மூன்று வட்டைகளில் தன் வயலைத் தானே செய்விப்பவள். அந்தப் போகத்து நெல்லை விற்ற பணத்தை ஒரு சோடி உழவெருதுக்கென்று வைத்திருந்தாள். மகள் மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்த பிறகு மாமி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். காரைத் தானே பார்த்துத் தெரிந்தெடுப்பாள். தேறினால் கார். தேறாவிட்டால் அன்றைக்கே எருது. நான் சனிக்கிழமை மாப்பிள்ளையாகவே கிடக்க வேண்டியதுதான்.

மாமி அதுவரை காரில் ஏறியதில்லை. ஆனால் முப்பது வருடமாய் மாடு வாங்கியவள்.

முதலில் பார்த்தது பட்டணத்தில் தோமஸ் மாஸ்டரின் சின்னப் பச்சைக் கார். மாஸ்டர் அதைத் தினமும் துடைத்து வைத்திருந்தார். மாமி குந்தியிருந்து, அதன் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே சாண் போட்டுப் பார்த்தாள். ஒரு சாண் இருந்தது. மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். இது நீந்தப் பழகியிருக்கிறதா என்று மாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்டாள். மாஸ்டர் அதற்குப் பிறகு எங்களுக்குத் தேநீர் தரவில்லை.

இரண்டாவது, ஒரு வக்கீலின் பெரிய கார். ஆறு பேர் இருக்கலாம். பெற்றோல் ஒரு கலன் ஊற்றினால் எத்தனை மைல் ஓடும் என்று கேட்டேன். வக்கீல் சட்டப் புத்தகத்தில் தேடுவதுபோல் யோசித்துவிட்டு, பத்து என்றார். “தீனி தின்னி,” என்று சொல்லி மாமி வெளியே நடந்தாள்.

மூன்றாவது ஏறாவூரில். ஊருக்கெல்லாம் ‘காக்கா’, அதாவது அண்ணனான கச்சி முகம்மது, மாடு, தோல், தேங்காய் எல்லாம் விற்பவர். கொஞ்ச நாளாய்க் காரும் விற்றார். வெள்ளத்துக்குப் பயந்து இடுப்பளவு மண் கொட்டி உயர்த்திய ஒரு கொட்டிலில் அந்தக் கார் நின்றது. கறுப்பு. உயர்ந்த மெல்லிய சில்லுகள், துணிக்கூரை, பித்தளை விளக்குகள். நான் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். குதிரையை அவிழ்த்துவிட்ட பெரிய வீட்டுச் சாரட்டு ஒன்று வழி தவறி ஏறாவூருக்கு வந்ததுபோல் இருந்தது. சில்லு உயரம், தண்ணீர் எட்டாது. கலனுக்கு இருபது மைல். உடைந்தால் கம்பியும் கயிறும் வைத்துக் கட்டலாம் என்றார் காக்கா. விலை முன்னூறு, ஒரு சதமும் குறையாது. மலைநாட்டுத் தோட்டத்து டாக்டர் ஒருவர் வைத்திருந்ததாம்.

“மலையில ஓடினத அந்த டாக்குத்தர் ஏன் வித்தவர்?” என்றாள் மாமி.

“அவருக்கு வயசு போயிற்று அக்கா.”

மாமி காரை மூன்று தரம் சுற்றிவந்தாள். விலாவில் தட்டிச் சத்தம் கேட்டாள். முன்மூடியைத் திறக்கச் சொல்லி வாய்க்குள் பார்த்தாள். புகைக்குழாயைக் குனிந்து பார்த்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இடப்பக்கத் தகட்டில் இருந்த நெளிவைப் பார்த்து, இந்த இடத்தில் சுழி இருந்தால் எசமானுக்கு ஆகாது என்றாள். காக்கா அசரவில்லை. அவரும் மாடு விற்பவர்தானே. வலப்பக்கத்திலும் அதேபோல் ஒரு நெளிவு இருப்பதைக் காட்டி, சோடிச் சுழி என்றால் தோஷம் தீர்ந்துவிடும் என்றார். உதைக்குமா என்று மாமி கேட்டாள். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது மட்டும் கொஞ்சம் உதைக்கும் என்று உண்மையைச் சொன்னார்.

கடைசியாக மாமி கேட்டாள்: “ஏன் காக்கா, இது முகத்த வெளிய வெச்சுக்கொண்டு நிக்குது?”

“பின்பக்கமா ஏத்தி விட்டா, வெளிக்கிட லேசெல்லவா அக்கா.”

மாமி வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள்.

பேச்சு இப்படி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காக்காவே காரை ஓட்டி, பட்டணத்தில் எங்களை ஏற்றி, வாவியைக் கடந்து வீட்டு வாசலில் கொண்டுபோய் விடவேண்டும். அங்கே பணம்.

ஞாயிற்றுக்கிழமை காக்கா தாங்கி நிறையப் பெற்றோலோடு வந்தார். மாமி ஏறினாள். பட்டணம் வந்த கையோடு மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட வேண்டும் என்றாள். கும்பிட்டு வந்ததும் கடைத்தெருவில் ஓர் அம்மி பார்க்க வேண்டும் என்றாள். அம்மி வாங்கவில்லை. கல்லாற்றில் பெரியம்மா மகளைப் பார்த்து வருடக் கணக்காயிற்று என்றாள். கல்லாறு துறையையும் தாண்டித் தெற்கே கிடந்தது. போனோம். அங்கிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கும்போது, குடையை மாமாங்கத்தில் விட்டுவிட்டதாக ஞாபகம் வந்தது. மறுபடி பட்டணம் வரை போனோம். குடை காரின் பின் இருக்கைக்கு அடியில் கிடந்தது.

காக்கா எழுந்து, முன் இருக்கையைத் தூக்கி, தாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியின் நுனிதான் நனைந்திருந்தது. ஒரு கலன் ஊற்றிக்கொண்டு போவோம் என்றார்.

“நிறைஞ்ச வயித்தோட எந்த மாடும் நடக்கும்,” என்றாள் மாமி. “இது பசியோட எப்பிடி நடக்குது எண்டு பாப்பம்.”

காக்கா என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.

மண்முனைத் துறையில் பாதையின் தலைவன் வல்லிபுரம். கார் என்றால் அவன் ஆறு மாட்டுக் கூலி கேட்பான். கார் ஏறியதும் பலகைகள் முனகின. கம்பு ஊன்றிப் பாதையை நகர்த்தினார்கள். வெயில் சாய்ந்து வாவி செம்பு நிறமாகியிருந்தது. எதிர்க்கரையில் மேட்டின் மேல் இரத்தினம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. இனி ஒவ்வொரு மாலையும் இப்படித்தான் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

படுவான்கரைத் துறையில் ஆட்கள் இறங்கக் கொஞ்சம் மட்டமான மணல். அதிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு செங்குத்தான மண்சரிவு. மட்டக்களப்பில் மலை என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். கார் உறுமிக்கொண்டு பாதி தூரம் ஏறியது. இருமியது. செத்தது. பிறகு வந்த வழியே சறுக்கிக்கொண்டு பாதையை நோக்கி வந்தது. வல்லிபுரத்தின் ஆட்கள் கம்புகளோடு தண்ணீரில் குதித்தார்கள். காக்கா பிரேக்கை மிதித்து, தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார்.

இரண்டாம் தரமும் அதே கதை. மூன்றாம் தரம் அதைவிடக் கீழேயே நின்றுவிட்டது. மேட்டின் மேல் யாரோ, சோடி எருது கட்டி இழுங்கள் என்று யோசனை சொன்னார்கள். அது மாமியின் காதிலும் விழுந்தது. இரத்தினம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு மணலில் வசதியாகக் குந்தினாள்.

“காரும் வாங்கி, அத இழுக்க எருதும் வாங்க எங்களுக்கு ஏலாது காக்கா. நீங்க கொண்டு போங்க.”

கொண்டு போவது எப்படி? இந்தக் கரையில் ஒரு போத்தல் பெற்றோலும் கிடையாது. அந்தக் கரையிலும் ஏற ஒரு சரிவு உண்டு. வல்லிபுரம் வேறு, இருட்டிய பிறகு காரை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டான். காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். இருநூற்றைம்பது என்றார். மாமி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இருநூற்று இருபது என்றார். மாமி, எங்கள் வீட்டுப் பசுவின் கன்றைப் பற்றி வல்லிபுரத்திடம் கதைத்தாள்.

“இருநூறு, அக்கா. இதுக்குக் கீழ எண்டா இத வாவிக்குள்ள தள்ளிப்போட்டு நடந்து போவன்.”

“வல்லிபுரம் சாட்சி,” என்று மாமி எழுந்து, மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பணம் காக்காவின் இடுப்புப் பட்டிக்குள் போனதும் அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, “இனி இதத் திருப்பி விடுங்க,” என்றாள். “பிட்டம் மேட்டப் பாக்கட்டும்.”

நாலு பேர் பின்பக்கத்தைத் தூக்கி, காரை வாவியைப் பார்க்கத் திருப்பினார்கள். காக்கா ஏறி, பின்பக்கமாய் ஓட்டினார். கார் வாலை முன்னே விட்டுக்கொண்டு, வாவி இறாலைப் போல ஒரே மூச்சில் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஊர் முழுக்கச் சிரித்தது. மாடு மேய்க்கிறவர்கள் சீட்டியடித்தார்கள்.

மேலே வந்து சேர்ந்ததும் காக்கா கேட்டார்: “எப்ப கண்டீங்க அக்கா?”

“உங்கட கொட்டிலிலதான். அந்த மேட்டுல முன்னுக்கு ஏறின சில்லுத் தடம் ஒண்டும் இல்ல. எல்லாம் மேட்டடியில திருப்பி, பின்னுக்கு ஏறின தடம். முன்னுக்கு ஏறாத எருத நானும் ஒண்டு வெச்சிருந்தனான்.”

காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். பெற்றோல் தாங்கியிலிருந்து தானாக வடிந்துதான் எஞ்சினுக்குப் போகிறது. தாங்கி நிறைந்திருந்தால் பிரச்சினை இல்லை. குறைந்துவிட்டால், மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் உயரத்துக்குப் போய்விடும்; பெற்றோல் எட்டாது. பின்பக்கமாய் ஏறினால் எஞ்சின் கீழே, பெற்றோல் மேலே. அந்த மலைநாட்டு டாக்டர் பாதி நோயாளிகளைப் பின்பக்கமாய்ப் போய்த்தான் பார்த்தாராம். நோயாளிகள் சிரித்ததால்தான் விற்றாராம். ஊருக்கு முன்னால் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும் என்றுதான் காக்காவும் பின்பக்கமாய் ஏற்றிக் காட்டவில்லையாம்.

“மாடு விக்கிறதெண்டா என்னட்ட வாங்க அக்கா,” என்றார் காக்கா, பாதையில் கால் வைக்கும்போது. “வாங்குறதுக்கு மட்டும் வந்திராதீங்க.”

மாமி அடுத்த கிழமையே போனாள். மிச்ச நூறு ரூபாய்க்கு ஓர் எருது வாங்கினாள். காக்கா அதில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அந்த எருது முன்னுக்கும் நடப்பதில்லை, பின்னுக்கும் நடப்பதில்லை.

நான் ஒரு மாதம் கார் ஓட்டப் பழகினேன். ஒரு கிளாக்கரின் சம்பளத்தில் ஒவ்வொரு கலனாகத்தான் ஊற்ற முடியும். ஆகவே எங்கள் தாங்கி எப்போதும் பசியோடுதான் இருக்கும். காலையில் இங்கே வாலை முன்னே விட்டுப் பாதையில் இறங்குகிறேன். அந்தக் கரையில் அப்படியே வாலால் ஏறுகிறேன். மாலையில் அதுவே திரும்பவும். சனிக்கிழமை மாப்பிள்ளை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ‘இறால் மாப்பிள்ளை’ என்கிறார்கள்.

ஒவ்வொரு மாலையும் இரத்தினம்மா மேட்டின் மேல் வந்து நிற்கிறாள். காரின் முகம் பட்டணத்தைப் பார்த்திருக்க, நான் இருக்கையில் முழுக்கத் திரும்பி, அவளைப் பார்த்தபடியே ஏறிவருகிறேன். நேற்று ஒரு சில்லு சரிவின் ஓரத்துக்குப் போய்விட்டது.

“நேராப் பாத்து ஓட்டுங்க,” என்று மேலே இருந்து சத்தம் போட்டாள்.

“நேராத்தான் பாக்கிறன்,” என்றேன்.