ராமப்பன் வீட்டுப் பச்சை அட்டை

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பாலாஜி தர மேற்பார்வையாளர். அவன் அப்பா ராமப்பனுக்குக் கணையத்தில் புற்று. இனி நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் பாருங்கள் என்று பெங்களூர் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இதைக் கேட்டு வேறொரு மகன் அழுதிருப்பான். பாலாஜி ஒரு வெள்ளை போர்டு வாங்கி வந்தான்.

தப்பாக நினைக்காதீர்கள், தங்கங்களே. அவனுக்கு அப்பா மேல் உயிர். ஆனால் பதினாறு வருஷக் கம்பெனி வேலையில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதையும் எண்ணாக்கிச் சுவரில் மாட்டினால் சரியாகிவிடும்.

கட்டிலுக்கு நேர் எதிரே போர்டு. தினமும் காலை ஏழு மணிக்கு வலிக்கு மதிப்பெண். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்க முடியாது. நாலுக்குக் கீழே இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சொம்பு வைக்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் வேறு. சொம்பு அதைத் தாண்டக் கூடாது.

முதல் நாள் ராமப்பன் உள்ளதைச் சொன்னார்: எட்டு. சிவப்பு விழுந்தது. கம்பெனி வழக்கப்படி ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். பாலாஜி மனைவி வினோதாவை நிறுத்திக் கேட்டான். ஏன் வலி? மாத்திரை தாமதம். ஏன் தாமதம்? பால் பொங்கிவிட்டது. ஏன் பொங்கியது? வாசலில் சிலிண்டர்காரர் கூப்பிட்டார். ஐந்தாவது ஏனுக்கு வந்தபோது அவள் அழுதுவிட்டாள். மூல காரணம் வினோதா என்று எழுதிக்கொண்டான்.

மறுநாள் ராமப்பன் ரெண்டு என்றார்.

அவரும் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலியாகப் பெருக்கித் துடைத்தவர்தான். சிவப்பு விழுந்தால் திட்டு கீழே இருப்பவர் தலையில்தான் வந்து இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

தொடர்ந்து பதினோரு நாள் பச்சை. பாலாஜி போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸப் குழுவில் போட்டான். மேனேஜர் கைதட்டும் பொம்மை அனுப்பினார். குருபரப்பள்ளியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைப் பார்த்து, நன்றாக இருக்கிறார் என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் போனில் கேட்டபோது, ரெண்டுக்கு எதற்கு சார், அப்பாவுக்கு அது பழக்கமாகிவிடும் என்றான் பாலாஜி. அப்பாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு மாதம்.

பதினோராவது பச்சை அட்டையை மாட்டிய காலையில், இப்படிப் படுத்திருப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் நாகம்மா வந்தாள். அவள் போர்டைப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் கிடந்த துண்டை இழுத்தாள். ஒரு முனை ஈரமாக, கந்தல் கந்தலாகக் கிடந்தது.

“இது என்னங்கய்யா, எலி கடிச்சதா?”

வினோதா சமையலறையில் இருக்கிறாளா என்று ராமப்பன் எட்டிப் பார்த்துக்கொண்டார். “நான்தாம்மா. செவப்பு போட்டா அந்தப் புள்ளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறான். அவளா எனக்கு வலிக்க வெச்சா?”

“இப்ப எத்தன?”

“ஒம்போது.”

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பாலாஜிக்கு அது கேட்டது. உள்ளே வந்து போர்டு முன்னால் நின்றான். வினோதாவுக்கும் கேட்டிருக்கிறது; கரண்டியோடு வந்தாள்.

“கேளுங்க. இன்னிக்கும் ஏன்னு கேளுங்க. அஞ்சுக்கும் பதில் சொல்றேன்.”

பாலாஜி பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டினான்.

நாகம்மா டாக்டரிடம் பேசினாள். மார்ஃபின், கூடவே மலம் இளக ஒரு மருந்து. பழக்கமாகிவிடாதா என்று கேட்க வாய் திறந்த பாலாஜி, துண்டைப் பார்த்து மூடிக்கொண்டான். தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சிவப்பு விழுந்தால் உற்பத்தி லைனை நிறுத்த வேண்டும் என்பதும் கம்பெனி விதிதான். அதை மட்டும் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவில்லை.

பஸ்ஸைப் போகச் சொன்னான். பைக்கில் போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, சொம்பை டேப்புக்கு வெளியே நகர்த்திவைத்து அந்த இடத்தில் உட்கார்ந்தான்.

மதியம் ராமப்பன் கண் திறந்தார். “ஏன்டா, வேலைக்குப் போகல?”

“லைன் நின்னுடுச்சு, நைனா.”

“எப்ப ஓடும்?”

“தெரியல.”

“மெதுவா ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினார். துண்டு தலைமாட்டில் காய்ந்து கிடந்தது.